முன்பள்ளியும் நாமும்

பலெர்மோ மத்திய புகையிரத நிலையத்தின் அருகிலிருந்து தெற்கு நோக்கிச் சென்று, ஒரேத்தோ ஆற்றைக் கடந்து நீளும் வீதிக்கு அந்த ஆற்றின் பெயரே வழங்குகின்றது. காலை எட்டு மணியளவில் அவ்வீதியிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் நடப்போர், ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் வேலைக்குரிய பையையும் பிடித்துக்கொண்டு விரையும் எமது பெற்றோரைக் காண்பர். முன்பள்ளியின் கதவு திறக்கும். பிள்ளை உள்ளே செல்லும். பெற்றோர் பேருந்தைப் பிடிக்க ஓடுவர். கதவைத் திறந்தவரின் முகத்தை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே.

நாமும் அவ்வாறு ஓடியவர்களே. எமது மூன்று பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக அக்கதவினூடாக அனுப்பியிருக்கின்றோம். அந்த ஆண்டுகளில் நாம் எண்ணியது என்ன, எண்ணத் தவறியது என்ன என்பதைத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலரில் எழுதி வைக்க விரும்புகின்றோம். இன்று அதே கதவின் முன் நிற்கும் இளம் பெற்றோருக்கும், ஒரு காலத்தில் அதனூடாக நுழைந்த மாணவர்களுக்கும் இது பயன்படும் என்று கருதுகின்றோம்.

இத்தாலியர் பேச்சு வழக்கில் முன்பள்ளியை 'அசீலோ' என்பர். அச்சொல்லை நாம் முதன்முதலாகக் கேட்டது பள்ளிக்கூட வாசலில் அன்று. வதிவிட அனுமதிக்காக நின்ற நீண்ட வரிசைகளிலேயே அது எமது காதில் விழுந்தது. 'அசீலோ பொலித்திக்கோ' என்றால் அரசியல் தஞ்சம். அசீலோ என்றால் புகலிடம். பிள்ளை போகும் இடத்திற்கும் அதே பெயர் என்று அறிந்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது. "நாங்கள் தேடினதும் அசீலோ, பிள்ளைக்குக் கிடைச்சதும் அசீலோ" என்று எம்மவர் பகிடியாகச் சொல்லிக்கொண்டதுண்டு. அந்தப் பகிடிக்குள் ஒரு பிழையான எண்ணமும் இருந்தது. தாய் தந்தையர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளை பத்திரமாக இருக்கவேண்டிய ஓர் இடம். அவ்வளவுதான் என்பதே அந்த எண்ணம்.

எமது மூத்த மகள் 1996ஆம் ஆண்டு, தனது மூன்றாவது வயதில் முன்பள்ளியிற் சேர்ந்தாள். அந்நாளில் எம்மில் ஒருவர் விடியற்காலையில் மாடிக் குடியிருப்புகளின் படிகளைத் துடைத்து, பகலில் ஓர் உணவகத்தின் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவினார். மற்றவர் படுக்கையில் இருந்த ஒரு மூதாட்டியைப் பராமரித்தார். பிள்ளையை ஏற்றுக்கொள்ள ஓர் இடம் கிடைத்ததே பெரும் பேறு என்று மகிழ்ந்தோம். அங்கே அவள் என்ன கற்பாள் என்ற கேள்வி எமக்கு எழவில்லை. அது பள்ளிக்கூடம் என்றே நாம் நினைக்கவில்லை.

இந்த எண்ணத்தை நாம் இத்தாலியிற் பெற்றுக்கொள்ளவில்லை. ஊரிலிருந்தே கொண்டுவந்தோம். விஜயதசமி நாளில் எமக்கு ஏடு தொடக்கியதை நாம் மறக்கவில்லை. தாம்பாளத்திற் பரப்பிய அரிசியில், எமது சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதுவித்த பெரியவரின் காலில் விழுந்து வணங்கினோம். வெற்றிலையும் தட்சணையும் கொடுத்தோம். ஆனால், அதன் பின் சனசமூக நிலையத்தின் ஓலைக் கொட்டிலில் எம்மை இருத்தி, மூக்கைத் துடைத்து, அழுதபோது மடியில் வைத்துப் பாட்டுச் சொல்லித்தந்த 'நேசரி ரீச்சர்' ஒருவர் இருந்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருந்த அயல் வீட்டுப் பெண் அவர். பெற்றோர் மாதந்தோறும் சேர்த்துக் கொடுத்த சிறு தொகையே அவரது சம்பளம். ஒரு நாள் விரலைப் பிடித்தவருக்குத் தட்சணை. ஓர் ஆண்டு முழுவதும் விரலைப் பிடித்தவருக்கு எதுவுமில்லை. அவரது பெயர்கூட இன்று எமக்கு நினைவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கின்றது.

தமிழ்நாட்டிலும் நிலை வேறன்று. 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் உருவாயின. உணவு, தடுப்பூசிக்கான ஏற்பாடு, முன்பள்ளிக் கல்வி என்று பல பொறுப்புக்களைச் சுமக்கும் பெண்களுக்கு அங்கே வழங்கப்பட்டது 'மதிப்பூதியம்'. சம்பளம் என்ற பெயரைத் தானும் அதற்குக் கொடுக்கவில்லை. சிறு பிள்ளைகளைப் பார்ப்பது பெண்களுக்கு இயல்பாக வரும் ஒன்று, அதற்கென்று கல்வியோ கூலியோ எதற்கு என்ற நினைப்பு கடல் கடந்தும் ஒன்றாகவே இருக்கின்றது.

மகள் முன்பள்ளிக்குச் சென்ற முதல் மாதங்களில் எமக்குக் குறைகளே தெரிந்தன. கட்டம் போட்ட மேலங்கி மாலையில் மாவும் வர்ணமுமாக வரும். "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் அவள் பைக்குள்ளிருந்து நாலைந்து அவரை விதைகளை எடுத்துக் காட்டுவாள். நான்கு வயதிற்குள் எழுத்துக்களை எழுதி, நூறு வரை எண்ணவேண்டும் என்பதே எமது கணக்கு. வாசலிற் காத்து நிற்கும்போது எம்மவர் தமிழிற் பேசிக்கொள்வோம். "பிள்ளை அங்கை என்ன செய்யுது? மாக் குழைக்குது. அதுக்கொரு மயேஸ்த்ரா" என்போம். மயேஸ்த்ரா என்றால் ஆசிரியை. எமது வாயில் அந்தச் சொல் ஏளனமாகவே ஒலித்தது. அங்கே கதவைத் திறந்து, தரையைத் துடைத்து, பிள்ளைகளின் நனைந்த உடையை மாற்றிவிடும் 'பிதெல்லா' ஒருவரும் இருந்தார். அவரை நாம் பேச்சில் எடுப்பதே இல்லை.

நத்தார் விடுமுறை நெருங்கிய வேளையில் ஆசிரியை எம்மை உள்ளே அழைத்தார். மகள் சேர்ந்து மூன்று மாதங்கள் கடந்தும் ஒரு சொல்லேனும் பேசவில்லை என்றார். இத்தாலியமும் பேசவில்லை, தமிழும் பேசவில்லை. வீட்டிலே வாய் ஓயாமற் பேசும் பிள்ளை அவள். எமக்குத் திகைப்பாக இருந்தது. அதைவிட, ஆசிரியை எம்மைக் குற்றம் சாட்டுகின்றார் என்றே பட்டது. தெரிந்த இத்தாலியத்தைக் கூட்டி, "இனிமேல் வீட்டில் தமிழ் பேசமாட்டோம். உங்கள் மொழியையே பேசுவோம்" என்று சொன்னோம். அதுவே அவர் கேட்க விரும்பிய மறுமொழி என்று நம்பினோம்.

அவர் தலையை அசைத்து மறுத்தார். இரவில் பிள்ளை பயந்து எழும்பினால் எந்த மொழியில் ஆற்றுவீர்கள் என்று கேட்டார். தமிழில் என்றோம். அந்த மொழியை அவளிடமிருந்து எடுக்கவேண்டாம் என்றார். புதிய மொழிக்குள் நுழையும் சிறுவர் பலர் சில மாதங்கள் பேசாமற் கேட்டுக்கொண்டிருப்பது வழமை என்றும், அது நோயன்று என்றும் விளக்கினார். பின்னர் ஒரு தாளை எடுத்து எம்மிடம் நீட்டினார். "நீங்கள் அவளுடன் பேசும் சொற்களில் பத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தாருங்கள். நான் கற்றுக்கொள்கின்றேன்" என்றார்.

அன்றிரவு சமையலறை மேசையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் இருவரும் வாதாடியது இன்றும் நினைவிருக்கின்றது. ஆசிரியைக்குக் கொடுப்பது ஆகையால் இலக்கணமான சொற்களை எழுதவேண்டும் என்றார் ஒருவர். இலக்கணச் சொல்லைச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்குமா என்றார் மற்றவர். இறுதியில் வீட்டுச் சொற்களே வென்றன. தண்ணி, பசிக்குது, நோகுது, குளிருது, ஒண்டுக்கு, வா, இரு, பயப்பிடாதை, நல்ல பிள்ளை, அம்மா வருவா. இந்தப் பத்தையும் இத்தாலிய எழுத்துக்களில் எழுதி, எதிரே அவற்றின் பொருளையும் எழுதிக் கொடுத்தோம்.

மறுநாட் காலை ஆசிரியை தாளைப் பார்த்து "ஒண்டுக்கு" என்று வாசித்தார். நாக்கு எங்கெங்கோ புரண்டது. மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வகுப்பில் அவளது குரல் கேட்டது அன்றுதான். தாள் சுவரில் ஒட்டப்பட்டது. ஆசிரியையை விட வேகமாக அதை மனனம் செய்தவர் பிதெல்லா. நாம் பேச்சில் எடுக்காத அந்தப் பெண், மாலையிற் பிந்தி வரும் பெற்றோரின் பிள்ளைகளைத் தன் அருகில் இருத்தி, எமது மகளிடம் "அம்மா வருவா, அம்மா வருவா" என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்பதைப் பின்னரே அறிந்தோம். பாஸ்குவா விடுமுறை வருமுன் மகள் வகுப்பில் இத்தாலியம் பேசத் தொடங்கிவிட்டாள். தமிழையும் அவள் கைவிடவில்லை.

அதே குளிர்காலத்தில் நிகழ்ந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூதாட்டியின் வீட்டுக்கு ஒரு நாள் விருந்தினர் வந்தனர். உள்ளே நடமாடும் இந்தப் பெண் யார் என்று ஒருவர் கேட்டார். "யாருமில்லை. அம்மாவைப் பார்க்கின்ற ஆள்" என்று வீட்டார் மறுமொழி சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சம்பளத்தைத் தவறாது தந்தவர்கள். மூதாட்டிக்கு எந்த வேளை எந்த மருந்து, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால் முதுகிற் புண் வராது, எந்தப் பாட்டைப் பாடினால் அவர் உண்பார் என்பவை அனைத்தையும் அறிந்தவர் எம்மவர் ஒருவரே. ஆயினும் அவர் 'யாருமில்லை'.

அன்றிரவு அந்தச் சொல்லைப் பற்றிப் பேசி வருந்தினோம். வருந்திக்கொண்டிருந்தபோதே வேறொரு நினைவும் வந்து எம்மைக் குத்தியது. பகலில் பிள்ளையுடன் யார் என்று ஊரிலிருந்து தொலைபேசியிற் கேட்ட பாட்டிக்கு, "ஒருத்தருமில்லை அம்மா, அசீலோவிலை பிள்ளை பாக்கிற ஆக்கள்தான்" என்று சில நாட்களுக்கு முன்னரே நாம் சொல்லியிருந்தோம். பராமரிக்கும் தொழிலால் வாழும் நாம், எமது பிள்ளையைப் பராமரிப்பவரை அதே தராசில் வைத்து அதே அளவுக்குக் குறைத்து நிறுத்தோம். பிறர் எமக்குச் செய்தால் அவமதிப்பு. நாம் பிறருக்குச் செய்தால் வழக்கம். இது நியாயமா என்ற கேள்வி அன்றிலிருந்து எம்மை விடவில்லை.

அதன் பின்னரே முன்பள்ளி என்றால் என்ன என்று விசாரித்து அறியத் தொடங்கினோம். அவரை விதையை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்திற் போடும் பிள்ளை எண்ணக் கற்கின்றது. பென்சில் பிடிப்பதற்குரிய விரல்களையும் பழக்குகின்றது. மாவைப் பிசையும்போது கையின் தசைகள் வலுவடைகின்றன. தன் முறை வரும்வரை காத்திருக்கும்போது பிறரையும் மதிக்கப் பழகுகின்றது. இத்தாலியில் 2012ஆம் ஆண்டு வெளியான தேசிய வழிகாட்டல், முன்பள்ளிக்கு ஐந்து அனுபவத் துறைகளை வகுத்தது. தானும் பிறரும், உடலும் அசைவும், உருவங்கள், ஒலிகள், நிறங்கள், பேச்சும் சொற்களும், உலகை அறிதல் என்பனவே அவை. எழுத்துக்களை எழுதிக் குவிக்கும் பாடம் அவற்றுள் இல்லை. எழுதுவதற்கு முன் ஒரு பிள்ளைக்கு வேண்டியவை யாவும் உள்ளன.

ஆசிரியையின் தகுதியைப் பற்றியும் நாம் தவறாகவே எண்ணியிருந்தோம். இத்தாலியில் முன்பள்ளி ஆசிரியைகளையும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகளையும் உருவாக்கும் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு 1998ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 2010ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தின் பின் அது 5 ஆண்டுப் படிப்பாயிற்று. பலெர்மோப் பல்கலைக்கழகத்திலும் அது கற்பிக்கப்படுகின்றது. மூன்று வயதிற்குட்பட்ட மழலைகளின் காப்பகமான 'நீதோ'வில் பணியாற்றுவோருக்கும் பட்டம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் 65ஆம் இலக்கச் சட்ட ஆணை விதித்தது. நாம் 'பிள்ளை பார்க்கிற ஆள்' என்று சொல்பவர், பிள்ளையின் பேச்சையும் பயத்தையும் விளையாட்டையும் ஆண்டுக்கணக்கிற் படித்தவர்.

அந்நாளில் எமது சட்டைப் பையிலேயே ஒரு முன்பள்ளி ஆசிரியை இருந்தார் என்பதையும் நாம் அறியவில்லை. 1990ஆம் ஆண்டு முதல், 2002இல் லீரா வழக்கொழியும்வரை, 1000 லீரா நோட்டில் இருந்த முகம் மரியா மொண்டெசோரி அம்மையாருடையது. அதைக் கொடுத்துப் பாண் வாங்கினோம். எண்ணிச் சேர்த்து ஊருக்கு அனுப்பினோம். யார் இந்த அம்மையார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவரான அவர், 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் உரோமை நகரின் சான் லொரென்சோப் பகுதியில் 'சிறுவர் இல்லம்' ஒன்றைத் திறந்தார். எமது சிறுவர்கள் பெஃபானாக் கிழவியின் பரிசுக்காகக் காத்திருக்கும் அதே நாள். சான் லொரென்சோ அக்காலத்தில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. தாய் தந்தையர் கூலி வேலைக்குச் செல்ல, பிள்ளைகள் படிக்கட்டுக்களிலும் முற்றத்திலும் அலைந்தனர். அவர்களை ஓரிடத்தில் அடக்கி வைத்தாற் போதும் என்பதே கட்டட உரிமையாளரின் நோக்கமாக இருந்தது. மொண்டெசோரி அதைப் பள்ளிக்கூடமாக்கினார். பெற்றோர் பணம் கட்டவேண்டியதில்லை. ஆனால், சுவரில் ஒட்டியிருந்த விதிகள் அவர்களுக்கும் கடமைகளை வகுத்தன. பிள்ளையைச் சுத்தமாக அனுப்புதல் வேண்டும். ஆசிரியையுடன் ஒத்துழைத்து அவருக்கு மரியாதை காட்டுதல் வேண்டும். வாரம் ஒருமுறையாவது தாய்மார் ஆசிரியையுடன் பேசிப் பிள்ளையின் நிலையை அறிய வழி செய்யப்பட்டிருந்தது. பெற்றோரின் மதிப்பும் கல்வியின் ஒரு பகுதி என்பதை அவர் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தார்.

அந்த அம்மையார் எமது மண்ணையும் மிதித்தவர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, இத்தாலியர் என்ற காரணத்தால் பிரித்தானிய அரசின் கட்டுப்பாடுகளுக்கு உள்ளானார். கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பணி செய்து, 1946இல் ஐரோப்பா திரும்பினார். தமிழ்ச் சிறுவரின் மொழி அறியாத ஓர் இத்தாலியப் பெண் தமிழ் நாட்டிற் பணி செய்தார். தமிழறியாத இன்னோர் இத்தாலியப் பெண் பத்துச் சொற்களைச் சுவரில் ஒட்டி எமது மகளின் வாயைத் திறந்தார். முன்னவரை உலகம் அறியும். பின்னவரை நாமாவது மறவாதிருக்கவேண்டும்.

இத்தாலியரும் இம்மதிப்பை ஒரே நாளிற் கற்றுக்கொள்ளவில்லை. அசீலோ என்று வழங்கிய இடம் முதலிற் புகலிடம் மட்டுமே. 1968ஆம் ஆண்டின் 444ஆம் இலக்கச் சட்டம் அரச முன்பள்ளிகளை நிறுவியபோது அதன் பெயர் 'தாய்மைப் பள்ளி' ஆயிற்று. 2003ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டம் அதைக் 'குழந்தைப் பருவப் பள்ளி' என்றது. ஒதுங்குமிடம் தாயின் மடியாகி, பின்னர் பிள்ளைக்கே உரிய பள்ளிக்கூடமாகியது. சட்டம் பெயரை மாற்றிவிட்டது. மக்களின் நாவில் இன்றும் அசீலோதான். எமது மனத்திலும் பெரும்பாலும் அவ்வாறே.

இவ்வாறு கூறுவதால் முன்பள்ளியில் எவரும் பிழை செய்வதில்லை என்று பொருள்கொள்ளலாகாது. எமது இரண்டாவது பிள்ளையின் பெயர் சற்று நீண்டது. அவன் சென்ற முன்பள்ளியில், வாயில் நுழையவில்லை என்று அதைச் சுருக்கி, ஓர் இத்தாலியப் பெயராக்கி அழைத்தனர். அவன் வீட்டுக்கு வந்தவர்களிடமும் அதையே தன் பெயராகச் சொன்னபோது எமது மனம் நொந்தது. இருந்தும் நாம் சென்று கேட்கவில்லை. எமது இத்தாலியம் போதாது, கேட்டால் பிள்ளைக்கு ஏதும் குறை வந்துவிடும் என்று அஞ்சினோம். ஓர் ஆண்டு கழிந்த பின், மூத்த மகளை அருகில் வைத்துக்கொண்டு சொன்னோம். ஆசிரியை உடனே மன்னிப்புக் கேட்டார். அன்றே பெயரைச் சரியாகச் சொல்லப் பழகினார். ஓராண்டு நாம் மனத்தில் சுமந்த குறை ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. முதுகுக்குப் பின் ஏளனம் செய்வதும் மதிப்பன்று. முகத்திற்கு முன் அஞ்சி நிற்பதும் மதிப்பன்று. நேரிற் சென்று பேசுவதே மதிப்பு.

அதற்குரிய வழி இந்நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. 1974ஆம் ஆண்டின் ஆணைகள் பாடசாலை நிர்வாகத்திற் பெற்றோருக்கும் இடம் கொடுத்தன. முன்பள்ளியின் ஒவ்வொரு பிரிவிலும் பெற்றோர் தமது பிரதிநிதியைத் தெரிவு செய்கின்றனர். வாக்களிக்கவும் தெரிவாகவும் இத்தாலியக் குடியுரிமை வேண்டியதில்லை. பெற்றோராக இருந்தாற் போதும். ஆனால், அக்கூட்டங்களில் எம்மவர் அமரும் கதிரைகள் எத்தனை? கேட்கவேண்டியவையும் இல்லாமலில்லை. மூன்று வயதிற்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 33 பேருக்காவது இடம் வேண்டும் என்று 2002இல் பார்சிலோனாவில் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் இலக்கு வகுத்தனர். அந்த இலக்கிற்கு வெகு தூரத்தில் நின்ற பிரதேசங்களுள் எமது சிசிலியும் ஒன்று. இடமின்றித் தவிக்கும் தாய்மாரின் குரல் கூட்டத்தில் ஒலிக்கவேண்டுமானால், தாய்மார் கூட்டத்தில் இருக்கவேண்டும்.

பெற்றோர் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு வட இத்தாலியில் ஒரு சான்று உண்டு. 1945இல் போர் முடிந்த கையோடு, ரெச்சோ எமிலியா நகருக்கு அருகிலுள்ள வில்லா செல்லா என்ற சிற்றூரின் மக்கள், பின்வாங்கிய செருமானியப் படை விட்டுச்சென்ற ஒரு தாங்கியையும் சில பாரவூர்திகளையும் குதிரைகளையும் விற்றனர். அப்பணத்தில் முன்பள்ளி ஒன்று கட்டுவது என்று முடிவு செய்தனர். இடிந்த வீடுகளின் கற்களைப் பொறுக்கி, ஆற்று மணலை அள்ளி, தம் கையாலேயே கட்டினர். இச்செய்தி கேட்டுத் துவிச்சக்கர வண்டியிற் சென்று பார்த்தவர் லோரிஸ் மலகுச்சி என்ற இளம் ஆசிரியர். அங்கே தொடங்கிய அவரது பணியே பின்னர் ரெச்சோ எமிலியாவின் முன்பள்ளிகளை உலகம் வந்து பார்க்கும்படி செய்தது. போரில் இடிந்த ஊரைக் கண்ட எமக்கு இதன் பெருமை நன்கு விளங்கும். அவர்கள் முதலில் எழுப்பியவற்றுள் ஒன்று சிறு பிள்ளைகளின் பள்ளிக்கூடம்.

இனி எமது வீட்டுக்குள் வருவோம். மூன்று மாதம் வாய் திறவாதிருந்த எமது மகள் இன்று தமிழ்ப் பாடசாலையின் பாலர் வகுப்புக்கு ஆசிரியை. வார நாட்களில் வேலைக்குச் சென்று, வார இறுதியில் ஊதியம் எதுவுமின்றி வருகின்றாள். சென்ற ஆண்டு ஒரு நாள் அவள் முகம் வாடி வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளுடன் களிமண்ணில் 'ட' வும் 'ப' வும் செய்துகொண்டிருந்தபோது, பிந்தி வந்த ஒரு பெற்றோர் வாசலில் நின்றபடியே, "இஞ்சையும் விளையாட்டுத்தானா? பெரிய வகுப்பு ரீச்சரிட்டை விட்டாலாவது எழுதப் பழகும்" என்று சொன்னாராம். அதைக் கேட்ட நாம் கோபப்படவில்லை. கோபப்படும் உரிமை எமக்கில்லை. மாக் குழைத்ததைப் பார்த்துச் சிரித்த எமது வாயே அங்கு மீண்டும் பேசியது போல் இருந்தது.

ஆகவே பெற்றோரிடம் சிலவற்றை மட்டும் வேண்டுகின்றோம். பிள்ளையை ஒப்படைக்கும்போது ஒரு கணம் நின்று, ஏற்றுக்கொள்பவரின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். அவரது பெயரை அறிந்துகொள்ளுங்கள். கதவைத் திறப்பவரின் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள். குறித்த நேரத்தில் வாருங்கள். கடைசியாகக் காத்திருக்கும் பிள்ளைக்கும் அதனுடன் இருப்பவருக்கும் பத்து நிமிடம் மிக நீண்டது. குறை இருந்தால் அவரிடமே கேளுங்கள். வீட்டிலே அவரைப் பற்றி இழிவாகப் பேசாதீர்கள். பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் அதன் காது எம்மிடமே இருக்கும். யாரை நாம் மதிக்கவில்லையோ, அவர் சொல்வதைப் பிள்ளை ஏன் கேட்கவேண்டும்?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் இன்று பெரிய பெரிய பாடசாலைகளில் இலத்தீன் மொழியும் கணிதமும் கற்கின்றீர்கள். உங்கள் சப்பாத்து நாடாவை முதன்முதலிற் கட்டப் பழக்கியவர் இப்பொழுதும் அதே தெருவில் அதே கதவைத் திறந்துகொண்டிருக்கலாம். வழியிற் கண்டால் நின்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

அண்மையில் பல்லாரோச் சந்தையிற் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றோம். கைத்தடியுடன் வந்த ஒரு முதிய பெண் எம்மை உற்றுப் பார்த்தார். அந்த முன்பள்ளியின் பிதெல்லா. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் எப்படி இருக்கின்றாள் என்று கேட்டார். அவளும் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றாள் என்றோம். அவர் எமது கையைப் பிடித்துக்கொண்டு, பழைய நினைவிற் சிரித்து, "அம்மா வருவா" என்றார். உச்சரிப்பு இன்றும் திருந்தவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லை அவர் வைத்திருந்தார். அவரது பெயர் என்னவென்று நாம் அன்றுதான் கேட்டோம்.